புதுக் கைப்பேசி வந்ததிலிருந்து தலைவலியா? முதலில் ஓர் ஈர்க்குச்சியை எடுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே போகிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸ் கிராணி. பத்தொன்பது வருடமாக அதே மேசை. காலையில் பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது, முடிந்ததும் ஆள் கணக்கு, மதியம் லாரிக் கணக்கு, மாலையில் குலைக் கணக்கு. முன்பெல்லாம் மண்டோர்கள், அதாவது கங்காணிகள், எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருகிறது. எந்தப் பிளாக்கில் எத்தனை குலை, உதிரிப் பழம் எத்தனை மூட்டை என்று சீட்டைப் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். இரவு சமையல் வேலை முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு, படுத்தபடியே அதைப் பார்த்துக் கூட்டி வைப்பது என் பழக்கம்.

போன தீபாவளிக்கு என் மகன் புதுக் கைப்பேசி வாங்கித் தந்தான். பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். திரை அவ்வளவு அழகு. கறுப்பு என்றால் மை மாதிரி கறுப்பு. இரண்டு வாரத்தில் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது.

அது எப்படிப்பட்ட வலி என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அதேதானா என்று பார்த்துக்கொள்ளலாம். புருவத்துக்கு மேலே தொடங்கும். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். கண் எரியும், ஆனால் சிவக்காது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிரட்டும், பேருந்தில் மலைப்பாதை ஏறினால் வருமே, அந்த மாதிரி. விடிந்தால் ஒன்றும் இருக்காது. இரவு ஒன்பதரைக்கு மறுபடியும் வந்து நிற்கும்.

அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். கோடாலித் தைலம் ஒரு போத்தல் தீர்ந்தது. பனடோல் கிட்டத்தட்ட தினமும் இரண்டு. அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பார்த்தேன். இரத்த அழுத்தம் சரி, இனிப்பு நீர் இல்லை. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துப் புதுக் கண்ணாடி போட்டேன். வலி அப்படியே இருந்தது. ஒரு கிளினிக்கில், வயது நாற்பத்தாறு ஆகிறது, வேலைக் கவலையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை வந்தது. வலி உண்மையாக இருக்கும்போது அதை மனக்கவலை என்று ஒருவர் சொல்லிவிட்டால் வலி இரண்டு மடங்காகிவிடுகிறது.

ஒரு வியாழக்கிழமை கைப்பேசியை ஆபீசில் சார்ஜில் போட்டபடி மறந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் பொது விடுமுறை, ஆபீஸ் பூட்டு. அலமாரியில் கிடந்த பழைய கைப்பேசியில் சிம் இல்லாமலே வீட்டு வைஃபையில், முன்பே இணைத்து வைத்திருந்த புலனத்தைத் திறந்து, நான்கு இரவு கணக்குப் பார்த்தேன். அதே இருட்டு அறை, அதே சீட்டுகள், அதே கண்ணாடி. தலை வலிக்கவே இல்லை. திங்கட்கிழமை புதுக் கைப்பேசி கைக்கு வந்தது. செவ்வாய் இரவு வலியும் வந்துவிட்டது.

முதல் வேலையாக நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். வேறு எதையும் மாற்றாமல் கைப்பேசியை மட்டும் நான்கைந்து நாள் மாற்றிப் பாருங்கள். வீட்டில் யாரிடமாவது பழையது இருக்கும். நாட்காட்டியில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புதியதற்குத் திரும்பி இன்னொரு நான்கைந்து நாள். காசு செலவில்லை, புள்ளிகளே சொல்லிவிடும். எழுதி வைக்காவிட்டால் மனம் ஏமாற்றும், அதனால் எழுதி வையுங்கள்.

சரி, இதற்குக் காரணம் என்ன?

பழைய கைப்பேசிகளில் இருந்தது எல்சிடி திரை. அதில் படத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அந்த விளக்குக்குப் போகும் மின்சாரம் குறையும், அவ்வளவுதான். இப்போது வருகிற ஓலெட் அல்லது அமோலெட் திரையில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. மின்சாரத்தை ரொம்பக் குறைத்தால் அந்தப் புள்ளிகள் ஒரே சீராக ஒளிராது. நிறம் மாறும், சாம்பல் இடங்களில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் செய்பவர்கள் வேறு வழி பிடித்தார்கள். புள்ளியை முழு ஒளியில் எரியவிட்டு, படாரென்று அணைத்து, மறுபடி எரியவிடுவது. எரியும் நேரத்தைக் குறைத்து அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால், நம் கண் அதையெல்லாம் சேர்த்து "மங்கல்" என்று எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பி.டபிள்யூ.எம்.

பல ஓலெட் கைப்பேசிகளில் இந்த மினுக்கம் நொடிக்கு 240 முறை நடக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 மில்லி நொடி. வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்தால், அந்த நான்கில் ஒன்றில் மட்டும் ஒளி, மூன்றில் கும்மிருட்டு என்கிற மாதிரி ஆகிவிடும். கண் கூசாமல் இருக்கட்டும் என்று நாம் வெளிச்சத்தைக் குறைக்கிறோம். குறைக்கக் குறைக்க மினுக்கம் முரடாகிறது. நான் விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கிப் படுத்திருந்தேன். இருட்டில் கண்மணி வேறு விரிந்திருக்கும்.

240 முறை மினுக்குவது கண்ணுக்குத் தெரியாதே என்று நினைப்பீர்கள். நேராக உற்றுப் பார்த்தால் தெரியாதுதான். ஆனால் படிக்கும்போது கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, சொல்லுக்குச் சொல் தாவுகிறது. தாவும் அந்த நொடித்துகளில் மினுக்கம் விழித்திரையில் வரிசையாகப் பதிகிறது. 1,000 ஹெர்ட்ஸுக்கு (அதாவது நொடிக்கு 1,000 முறைக்கு) மேற்பட்ட மினுக்கத்தைக்கூடத் தாவும் கண் உணரும் என்று பிரிட்டனில் 2013இல் ஆய்வு வெளியாகியிருக்கிறது. எல்லாருக்கும் இதனால் வலி வருவதில்லை. என் கணவர் அதே கைப்பேசியில் இரண்டு மணி நேரம் செய்தி பார்ப்பார், அவருக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மினுக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

டியூப் லைட் கதையை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பழைய ஆபீசில் சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த டியூப் லைட்டுகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். அங்கே வேலை பார்த்த காலத்தில் எனக்கு மாலை நான்கு மணித் தலைவலி ஒன்று இருந்தது. ஆபீஸைப் புதுப்பித்து விளக்குகளை மாற்றியதும் போய்விட்டது. அப்போது நான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் இதையே சோதித்து 1989இல் வெளியிட்டார்கள். சோக் விளக்குகளுக்குப் பதிலாக மிக வேகமாக இயங்கும் மின்னணு பேலஸ்ட் போட்டபோது, அங்கே வேலை செய்தவர்களின் தலைவலியும் கண் களைப்பும் சராசரியில் பாதிக்கும் மேல் குறைந்தன. எந்த விளக்கு எரிகிறது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆக, கண்ணுக்குத் தெரியாத மினுக்கம் தலையை வலிக்க வைக்கும் என்பது முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். யாராவது உங்களைக் கற்பனை என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி ஈர்க்குச்சிக்கு வருகிறேன்.

மகன் சீனப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தம்பி, கோவிச்சுக்காதப்பா, நீ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தால்தான் தலை வலிக்குது." அவன் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல செட்டுதானேம்மா" என்று மட்டும் சொன்னான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் எழுந்து பின்கட்டுக்குப் போய், செம்பனை ஈர்க்கில் கட்டிய விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வந்தான். அறை விளக்கை அணைத்தான். கைப்பேசியில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சக் கோட்டைக் கால்வாசிக்கு இறக்கி மேசையில் நிறுத்தினான். திரைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் அந்த ஈர்க்கை இடமும் வலமுமாக, விசிறி வீசுவது போல வேகமாக ஆட்டினான்.

ஒரு குச்சி இல்லை. பத்துப் பதினைந்து குச்சிகள், சீப்புப் பல் மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் கூர்மையாகத் தெரிந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வெள்ளை இடைவெளி. நான் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், அவன் கையில் ஒன்றுதான் இருந்தது. பிறகு என் பழைய கைப்பேசியை அதே இடத்தில் வைத்து ஆட்டினான். புகை மாதிரி ஒரே மங்கல், சீப்பு இல்லை. "சரிம்மா, புரிஞ்சிடுச்சு" என்றான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஈர்க்கு இல்லாவிட்டால் பென்சில், சீனச் சாப்பாட்டுக் குச்சி, எதுவானாலும் சரி. மெலிதாக இருந்தால் நன்றாகத் தெரியும். அறையில் வேறு வெளிச்சம் இருக்கக் கூடாது, ஏனென்றால் சில எல்இடி பல்புகளும் மினுக்கும், அவை சோதனையைக் கெடுத்துவிடும். முதலில் வெளிச்சம் முழுசாக, அப்புறம் முக்கால், அரை, கால், அடிமட்டம் என்று இறக்கிக்கொண்டே ஒவ்வொரு நிலையிலும் ஆட்டிப் பாருங்கள். பல கைப்பேசிகளில் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு மேலே சீப்பு மங்கி, ஏறக்குறைய புகையாகிவிடும். அதற்குக் கீழே பல் பல்லாகப் பிரியும். அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கண்ணை நம்ப முடியவில்லை என்றால் இன்னொரு கைப்பேசியின் கேமராவை எடுங்கள். புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/2000 அல்லது அதைவிட வேகமாக வைத்து, மினுக்குவதாகச் சந்தேகப்படும் திரையைப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். பட்டை அகலமாகவும் கருகருவென்றும் இருந்தால் மினுக்கம் மெதுவானது, ஆழமானது. மெல்லிய கோடுகள் நெருக்கமாக, வெளிறித் தெரிந்தால் வேகமானது அல்லது ஆழம் குறைந்தது. பட்டையே இல்லையென்றால் நிம்மதி. சில எல்சிடித் திரைகளின் பின்விளக்கும் மினுக்குவது உண்டு என்பதால், எல்சிடி என்று கேட்டதும் விட்டுவிடாமல் அதையும் சோதியுங்கள்.

இப்போது கைப்பேசியை வீசிவிடாமல் சமாளிக்கும் வழி. எனக்குப் பெரிய மாற்றம் தந்தது இதுதான்.

தானாக வெளிச்சம் கூடிக் குறையும் ஆட்டோ பிரைட்னஸை நிறுத்துங்கள். அது இருட்டில் நமக்குத் தெரியாமலேயே திரையை மோசமான நிலைக்கு இறக்கிவிடும். ஐபோனில் இந்தச் சுவிட்ச் அக்சசிபிலிட்டி உள்ளே, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டிஸ்ப்ளே பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் வெளிச்சக் கோட்டை நீங்கள் கண்டுபிடித்த அந்த எல்லைக்கு மேலே ஏற்றி, அங்கேயே விட்டுவிடுங்கள். என்னுடையதில் அது முக்காலுக்குச் சற்று மேலே.

இரவில் கண் கூசுமே என்றால், அதற்கு வேறு கதவு இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12இலிருந்து எக்ஸ்ட்ரா டிம் என்று ஒரு வசதி அக்சசிபிலிட்டியில் வந்திருக்கிறது. சாம்சங்கில் அது விசிபிலிட்டி என்ஹான்ஸ்மென்ட்ஸ் பக்கத்துக்குள் இருக்கும். ஐபோனில் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸுக்குள் ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட் என்று பாருங்கள். இவை விளக்கை மினுக்கிக் குறைப்பதில்லை. படத்தின் வெள்ளையையே சாம்பலாக்கிக் குறைக்கின்றன. வெளிச்சக் கோடு மேலேயே இருக்கும், திரை மட்டும் மங்கும். வைத்த பிறகு மறுபடியும் ஈர்க்கை ஆட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். எனக்கு மாலையில் ஒருமுறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. பனடோலைவிட அது பரவாயில்லை.

சில கைப்பேசிகளில் டிசி டிம்மிங், ஆன்டி ஃப்ளிக்கர், ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன் என்று ஏதோ ஒரு பெயரில் மினுக்கத்தைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கும். டிஸ்ப்ளே பக்கத்தில் தேடுங்கள், இருந்தால் போட்டுவிடுங்கள். குறைந்த வெளிச்சத்தில் நிறம் கொஞ்சம் பச்சையாகவோ ரோஜாவாகவோ சாயலாம், அது கோளாறு இல்லை. 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையிலும் டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூத்திங் என்று இதற்காகவே ஒன்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய நிறுவனங்கள் சுவிட்ச் வைக்கும் அளவுக்கு ஆட்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு மனம் ஆறியது.

அறை விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும், சின்னது இல்லை. சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் திரையைத் தாழ்த்த வேண்டிய அவசியமே வராது. நான் தலைமாட்டில் ஒரு மேசை விளக்கு வைத்திருக்கிறேன். அந்த பல்பையும் ஈர்க்கு ஆட்டித்தான் தேர்ந்தெடுத்தேன். முதலில் வாங்கி வந்த மலிவான பல்பு திரையைவிட மோசமாக மினுக்கியது.

எது உதவாது என்பதையும் சொல்கிறேன், நான் அதில் காசு விட்டிருக்கிறேன். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று ஒன்று விற்கிறார்கள். மினுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. திரையை மஞ்சளாக்கும் நைட் மோடும் மினுக்கத்தைத் தொடாது. டார்க் மோடில் வெளிச்சம் மொத்தத்தில் குறைவு, அது சிலருக்கு இதமாக இருக்கலாம், ஆனால் வெள்ளை எழுத்து மினுக்கிக்கொண்டேதான் இருக்கும். திரையில் ஒட்டும் கண்ணாடி எந்த விலையானாலும் இதற்கு மருந்து இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் "120 ஹெர்ட்ஸ், ஆன்ட்டி, கண்ணுக்கு நல்லது" என்பார்கள். அந்த 120 படம் எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. மினுக்கத்தின் கணக்கு வேறு. நீங்கள் கேட்க வேண்டியது பி.டபிள்யூ.எம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று. எல்இடி விளக்குகளின் மினுக்கத்துக்காக மின் பொறியாளர்களின் ஐ.இ.இ.இ அமைப்பு 2015இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி முழுசாக அணைந்து எரியும் ஒளி என்றால், 1,250 ஹெர்ட்ஸுக்கு மேலே ஆபத்து குறைவு, 3,000க்கு மேலே கவனிக்கத்தக்க பாதிப்பு இருக்காது. கைப்பேசிக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ஹானர் 90 போன்றவற்றில் 3,840 ஹெர்ட்ஸ். ரெட்மி நோட் 13 புரோவில் 1,920. விலை கூடினால் இந்த எண்ணும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய விலைக் கைப்பேசிகள் பலவற்றில் 240, 480 அளவில்தான் இருக்கிறது. நோட்புக்செக் என்ற தளம் ஒவ்வொரு கைப்பேசியின் மினுக்கத்தையும் கருவி வைத்து அளந்து எண்ணோடு போடுகிறது. பெயரைத் தட்டினால் கிடைக்கும், வாங்குவதற்கு முந்தின இரவு ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

ஓலெட்டே வேண்டாம் என்றால் எல்சிடி இன்னும் கிடைக்கிறது. ஐபோனில் எக்ஸ்.ஆர், 11, 2020, 2022 எஸ்.இ ஆகியவை எல்சிடி. ஆண்ட்ராய்டில் ரெட்மி 12, சாம்சங் ஏ05 மாதிரி மலிவு விலைச் செட்டுகள். அட்டையில் ஐபிஎஸ், பிஎல்எஸ், டிஎஃப்டி என்று எழுதியிருந்தால் எல்சிடி. அமோலெட், பிஓலெட் என்றால் ஓலெட். பழைய ஐபோன் வாங்கும்போது திரை மாற்றியதா என்று கேளுங்கள், கம்பெனித் திரை இல்லாமல் வேறு திரை போட்டிருந்தால் நடத்தை மாறியிருக்கும்.

நான் பட்டணத்துக் கடைக்குப் போனபோது கைப்பையில் ஈர்க்கை எடுத்துக்கொண்டுதான் போனேன். தவுக்கேயிடம் கேட்டேன், ஸ்டோர் அறையில் விளக்கை அணைத்து இரண்டு நிமிடம் பார்க்கலாமா என்று. முதலில் விழித்தார். ஆட்டிக் காட்டியதும் அவரே மூன்று நான்கு செட்டுகளை எடுத்து வந்து வரிசையாக வைத்துப் பார்த்தார். "ஆன்ட்டி, இந்த மாதிரி தலைவலி என்று ரெண்டு கஸ்டமர் திருப்பிக் கொண்டு வந்தாங்க" என்றார். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நம் காசு, நம் தலை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். எல்லாத் தலைவலியையும் கைப்பேசி மேல் போடாதீர்கள். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரும். சரியான கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்தைப் படித்தாலும் இதே மாதிரி புருவம் வலிக்கும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, கண் காய்ந்து எரியும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒரு முழத் தூரம் வையுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நொடி ஆறு மீட்டருக்கு அப்பால் பாருங்கள். எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசை தெரியும். நான் மூன்றாவது மரத்தின் குலையைப் பார்ப்பேன். இனிப்பு நீர் நம் ஆட்களிடம் அதிகம். அது இருப்பவர்கள் பார்வை மங்கினால் திரையைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடி விழுந்த மாதிரி திடீரென்று வரும் கடும் தலைவலி, முகமோ கையோ ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கண் சிவந்து வலித்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, ஒரு கண் பார்வை மறைவது: இவற்றில் எது வந்தாலும் ஈர்க்குச்சியை விட்டுவிட்டு 999ஐ அழையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தலைவலிக்கும் மருத்துவரைப் பாருங்கள். பனடோலை வாரத்தில் பல நாள் விடாமல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும் என்பதையும் எனக்கு ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரியும். மாதக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் பெரட்டுக் களத்தில் நடந்தது. ஒரு பெண் மண்டோர், என்னைவிடப் பத்து வயது இளையவள், "கிராணியம்மா, புது போன் வாங்கினதிலிருந்து ராத்திரியானா தலை பிளக்குது, வீட்டுக்காரர் கிட்டச் சொன்னால் வேலை செய்ய சோம்பேறித்தனம் என்கிறார்" என்றாள். உரக் கொட்டகைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினோம். மூலையில் விளக்குமாறு இருந்தது. அவள் கைப்பேசியில் அடிமட்ட வெளிச்சத்தில் ஆட்டியதும் சீப்பு விழுந்தது. பாதிக்கு மேலே ஏற்றியதும் புகையாகிவிட்டது. ஆட்டோ பிரைட்னஸை நிறுத்தி, எக்ஸ்ட்ரா டிம்மைப் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலை அவள் வீட்டுக்காரருக்கும் அவளே ஆட்டிக் காட்டியிருக்கிறாள்.

என் குலைக் கணக்கு இப்போது பழைய எல்சிடியில் நடக்கிறது, மேசை விளக்கு எரிய, நாற்காலியில் உட்கார்ந்து. மகன் கொடுத்தது அழைப்புக்கும் படத்துக்கும். வெளிச்சக் கோடு முக்காலுக்கு மேலேயே இருக்கும். ஞாயிறு இரவு அவன் வீடியோவில் வருவான். ஒரு மணி நேரம் பேசினாலும் தலை வலிப்பதில்லை.